இறங்குதுறையிலிருந்து மருதானைக்கு

கொழும்புக்குப் புதிதாக வருபவர் எந்த வாயிலால் நகரினுள் நுழைகிறார் என்பதே, அந்நகரம் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்பதனைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அத்தகைய வாயில்கள் இரண்டு இருந்தன. ஒன்று கடல்வாயில், மற்றது புகையிரத வாயில். நம்மவர் இரண்டாவதன் வழியே வந்தவர்கள். 1905இல் வடபகுதிப் பாதை காங்கேசன்துறைவரை நிறைவெய்திய பின்னர், கட்டுச்சோற்றுப் பொட்டலமும் தகரப்பெட்டியுமாகக் கோச்சியேறித் தலைநகரில் வந்திறங்கிய எழுதுவினைஞரும் கடைச்சிப்பந்திகளும் மாணவரும் எத்தனையோ பேர். ஆயினும், இந்நகரின் வீதிகள் அவர்களை எண்ணி வகுக்கப்பட்டவையல்ல.

அவற்றை வகுத்தது துறைமுகமே. தென்மேல் பருவக்காற்றுக்கு நேரே திறந்து கிடந்த கொழும்புக் கடலில் பெருங்கப்பல்கள் பாதுகாப்பாகத் தங்குதல் அரிதாயிருந்தது. காலியே முதன்மைத் துறையாக விளங்கிற்று. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்புச் சுவருக்கு முதற்கல்லை வைத்தார். 1885இல் தென்மேற்குச் சுவர் முடிந்ததும் காலியின் காலம் கழிந்தது. சுயஸ் கால்வாய் வழியாகக் கீழைத்தேயங்களுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் சென்ற கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் தரித்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த கூலியாட்கள் அக்கரியைச் சுமந்து ஏற்றிய சில மணிநேரமே வெள்ளைப் பிரயாணிகளுக்கு நகர் காணும் நேரமாயிற்று. 1875இல் எழுந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல், மாணிக்கக்கல் வியாபாரிகளின் கடைகள், காலிமுகத்திடல், கறுவாத்தோட்டம் என்று ஒரு வட்டம் அமைந்தது. அவ்வட்டத்தைச் சுற்றிவர ரிக்ஷா இருந்தது. அதை இழுத்தவர்களிற் பெரும்பாலோர் தமிழர் என்பதையும் இங்கு சொல்லிவிட வேண்டும்.

1890இல் சகலின் தீவின் கைதிகளைக் கண்டு திரும்பும் வழியில் அன்ரன் செக்கோவ் கொழும்பில் இறங்கினார். இலங்கையை அவர் சொர்க்கமென்றே கருதினார். அதே பயணத்தில், ஹொங்கொங்கில் மனிதர் இழுக்கும் வண்டியில் ஏறியதையும் கடிதமொன்றில் குறித்திருக்கிறார். மனித துயரத்தை அத்துணை நுணுக்கமாக நோக்கிய அக்கண்களுக்கும் இத்தீவு சொர்க்கமாகத் தோன்றியதெனின், சில நாள் விருந்தினனின் பார்வைக்கு எல்லை எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் கொழும்புக்குச் சென்றபோது, கோட்டைப் புகையிரத நிலையத்தில் இறங்கியதும் ஒரு சிறுவன், “கோட்டை எங்கே, சேர்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஒல்லாந்தர் கட்டிய மதில்கள் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டன. பெயர் மட்டும் நின்றது. 1917இல் திறக்கப்பட்ட அந்நிலையமோ கோட்டைக்குள் இல்லை, புறக்கோட்டையில் இருக்கிறது! இடித்தவர்கள் மதிலைத்தான் இடித்தார்கள். உள்ளே வங்கியும் கப்பற் கொம்பனியும் அரசாங்கக் கந்தோரும், வெளியே செட்டியார் தெருவும் சில்லறைக் கடைகளும் கூலியாட்களின் நெருக்கமான குடியிருப்புகளுமென்ற பிரிவு அப்படியே இருந்தது.

இப்பிரிவை ஊடறுத்துச் சென்ற முதல் ஊர்தி டிராம் வண்டி எனலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியக் கொம்பனியொன்று மின்சார டிராம் வண்டிகளை ஓடவிட்டது. கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கு ஒரு பாதை. மருதானை ஊடாகப் பொரளைக்கு மற்றொரு பாதை. துறைமுகத் தொழிலாளியும் புகையிரத வேலைத்தலத்தின் தொழிலாளியும் வாழ்ந்த பகுதிகளையே இவை தொட்டன. கறுவாத்தோட்டத்து மாளிகைகளுக்கு டிராம் போகவில்லை. அங்கிருந்தோர்க்கு அது தேவைப்படவுமில்லை. வடக்கிலிருந்து வந்த புதியவரும் சில சதங்களுடன் அதில் ஏறிக்கொண்டார்.

1929 ஜனவரியில் அவ்வண்டிகளை ஓட்டியவர்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். 1923இன் பொது வேலைநிறுத்தமும் 1927இன் துறைமுக வேலைநிறுத்தமும் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் அதற்கு முன்னரே நிகழ்ந்திருந்தன. நிருவாகம் எவ்வாறாயினும் வண்டியை ஓட்டிக்காட்ட முற்பட்டது. மக்கள் ஏற மறுத்தனர். பெப்ரவரி 5ஆந் திகதி மருதானைப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டுத் தீக்கிரையாயிற்று. பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் குணசிங்காவின் அகில இலங்கைத் தொழிற்சங்க காங்கிரஸுடன் உடன்படிக்கையொன்றில் ஒப்பமிட நேர்ந்தது. இந்நாட்டின் முதலாவது கூட்டு உடன்படிக்கை அதுவே.

இவ்விடத்தில் கதையை நிறுத்திவிடுதல் நமக்கு வசதியாயிருக்கும். ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. குணசிங்காவின் இலங்கைத் தொழிற்சங்கத்தில் ஒருகாலத்தில் உப தலைவராயிருந்த ‘தேசபக்தன்’ ஆசிரியர் கோ. நடேசய்யர் பிரிந்து சென்று, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். உலகப் பொருளாதார மந்தத்தால் வேலையின்மை பெருகிய முப்பதுகளில், மருதானை மக்களின் வீரத் தலைவராயிருந்த குணசிங்காவே மலையாளத் தொழிலாளரை வெளியேற்றுமாறு கிளர்ச்சி செய்தார். 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் கொல்வின் ஆர். டி சில்வாவின் தலைமையில் வேலைநிறுத்தஞ் செய்தபோது, அதனை முறியடிக்க ஆட்களைக் கொண்டுவந்தவரும் அவரே. நேற்று வந்தவன், இன்று வந்தவனைப் பார்த்து ‘வந்தேறி’ என்றான். துறைமுகப் பட்டினமொன்றில் வந்தேறாதவர் யார் என்று கேட்பாரில்லை.

டிராம் சேவையை 1944இல் மாநகரசபை பொறுப்பேற்றது. 1960இல் அது முற்றாக நின்றது. இடையில் வந்த திரொலி பஸ்களும் 1964இல் மறைந்தன. அதற்குள் பஸ் நகரை ஆட்கொண்டிருந்தது. ஒரே வீதியில் முந்தியோடிப் பிரயாணிகளை அள்ளிய தனியார் கொம்பனிகளின் பஸ்களை 1958 ஜனவரி 1ஆந் திகதி அரசு பொறுப்பேற்று, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. இடதுசாரிகள் நெடுநாள் வேண்டிநின்ற சீர்திருத்தம் இது. பஸ் மக்களின் உடைமையாயிற்று. எந்த மக்களின் உடைமை என்ற கேள்விக்கு மூன்று மாதங்களுள் விடை வந்தது. சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் பொறித்த சபையின் பஸ்கள் வடக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவ்வெழுத்தின்மீது தார் பூசினார்கள். கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மீது தார் பூசினார்கள். மே மாதத்தில் கலவரம் மூண்டது. புகையிரதங்கள் தாக்கப்பட்டன. தரைவழி அடைபட்ட நிலையில், கொழும்புத் தமிழர் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி வடக்குக்கு அனுப்பப்பட்டனர். அந்நியக் கனவான்கள் வந்திறங்கிய அதே துறைமுகம் அகதிகள் புறப்படும் துறையாயிற்று. 1983 ஜூலையின் பின்னரும் அதுவே மீண்டும் நிகழ்ந்தது.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. 2014இலேயே அது திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் கொழும்புக்கு வந்த வடபகுதியார் பஸ் இலக்கத்தை அறியுமுன் சோதனைச் சாவடிகளின் இருப்பிடத்தை அறியவேண்டியிருந்தது. எங்கே தங்குகிறோம் என்பதைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. வைத்தியத்துக்கும் கடவுச்சீட்டுக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்குமாக வந்தவர்களே விடுதிகளிற் பெரும்பாலும் தங்கியிருந்தனர். 2007 ஜூன் 7ஆந் திகதி, தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் எனக் கூறி, அவ்விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி, பெரும்பாலோரை வவுனியாவுக்கு அனுப்பினர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் வருத்தந் தெரிவித்தார். ஒரு நாட்டின் குடிமகன் அந்நாட்டின் தலைநகரில் இருப்பதற்குக் காரணங் காட்டவேண்டும் என்ற எண்ணம் ஒரே இரவில் உதித்ததன்று. மலையாளத் தொழிலாளியைத் துரத்திய முப்பதுகளிலேயே அதற்கு விதை ஊன்றப்பட்டுவிட்டது என்பது நமது துணிபு.

மாணவர்களுடன் நாம் பழைய டிராம் பாதையால், கோட்டையிலிருந்து மருதானை ஊடாகப் பொரளைக்குப் பஸ்ஸிற் சென்றோம். நெருக்கமான பஸ். நடத்துனர் சிங்களத்தில் கேட்ட ஊரை ஒரு மாணவி தமிழிற் சொல்ல, அவர் தமிழிலேயே மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். மருதானைச் சந்தியில் வாகன நெரிசலால் சற்று நேரம் நின்றோம். 1929இல் இங்கு நடந்ததை நாம் தாழ்ந்த குரலிற் சொல்லிக்கொண்டிருந்தோம். கோட்டை எங்கேயென்று கேட்ட அதே சிறுவன், “அந்த அஞ்சு பேரின்ர பேர் என்ன, சேர்?” என்றான். பெயர்களை நாம் அறிந்திருக்கவில்லை. பஸ் நகர்ந்தது.