குழந்தையின் இதயமும் பெற்றோரின் கல்வியும்

அரசர்களின் வரலாற்றையும் போர்களின் வரலாற்றையும் நீங்கள் பாடநூல்களில் பயில்கிறீர்கள். இன்று நான் வேறொரு வரலாற்றைக் கூற விழைகிறேன். பிறவியிலேயே இதயக் குறையுடைய குழந்தைகளின் பெற்றோர் எவ்வாறு மருத்துவருக்குத் துணைவர் ஆயினர் என்பதே அது.

உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 8 பேருக்கு இதயத்தில் ஏதேனும் குறை இருக்கிறது. சிலருக்கு நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்வதில்லை. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹெலன் டாஸிக் அம்மையார் இத்தகைய குழந்தைகளைக் கண்டு ஆராய்ந்தார். 1944 நவம்பர் 29ஆம் நாள், ஆல்பிரட் பிளாலாக் என்னும் அறுவை மருத்துவர் 15 மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு நுரையீரலுக்குப் புதிய இரத்த வழியை அமைத்தார். அம்முறையை ஆய்வுக்கூடத்தில் செப்பனிட்ட விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர் அவர் பின்னால் நின்று வழி கூறினார்.

இக்குழந்தைகள் சற்று நடந்ததும் குந்தி உட்காருவர். அவ்வாறு அமரும்போது கால்களின் இரத்தக் குழாய்கள் அமுங்குகின்றன; நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் மிகுகிறது. நீலம் பாயும் வேளையில் கைக்குழந்தையின் முழங்கால்களை மார்போடு மடக்கிப் பிடிக்குமாறு இன்றும் பெற்றோருக்குக் கற்பிக்கப்படுவது இக்காரணம் பற்றியே.

அடுத்து மினியாபோலிஸ் நகரைக் காண்போம். 1954 மார்ச் 26 அன்று, வால்ட்டன் லில்லிஹை என்னும் மருத்துவர் ஒரு சிறுவனின் இதயத்தைத் திறந்து, உள்ளிருந்த துளையைத் தைத்தார். அதுவரை அவனுக்கு உயிர் ஊட்டியது எது? அருகில் படுத்திருந்த தந்தையின் இதயமும் நுரையீரலுமே! இருவர் உடலையும் குழாய்கள் இணைத்தன. சிறுவன் 11 நாட்களுக்குப் பின் நுரையீரல் அழற்சியால் மாண்டான். எனினும் இம்முறையால் சிகிச்சை பெற்ற 45 பேரில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினர். இரத்தம் அளிக்கப் படுத்தவருக்கும் ஆபத்து இருந்தது. ஒரு தாய் மூளைக் கேட்டுக்கு ஆளானார். இங்கே பெற்றோருக்கு எதையும் மறைத்து வைக்க இயலுமா? அறிந்தல்லவா அவர்கள் இசைய வேண்டும்!

ஆனால் அக்காலத்தில் பல மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைக் காண்பதற்கே கடுங்கட்டுப்பாடு இருந்தது. தாய் வந்து சென்றால் குழந்தை அழும், ஆதலின் வராதிருப்பதே நலம் என்று வாதிட்டனர். 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் தனித்திருந்த 2 வயதுச் சிறுமியைத் திரைப்படமாக எடுத்து, அமைதி போலத் தோன்றியது துயரமே என்று காட்டினார். 1959இல் பிரிட்டனில் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வரலாம் என்றும், சிறு குழந்தையுடன் தாய் தங்கலாம் என்றும், நிகழப்போவதைக் குழந்தைக்கு முன்னரே விளக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

கதவு திறந்தபின் கல்வி வளர்ந்தது. இடப்பக்க இதயம் வளராத குழந்தைகளுக்குப் பல அறுவைகள் தேவை. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடைப்பட்ட மாதங்களில், வீட்டில் இருக்கும்போதே சிலர் திடீரென இறந்தனர். 2000ஆம் ஆண்டில் விஸ்கான்சின் குழந்தைகள் மருத்துவமனையினர் ஓர் எளிய வழி கண்டனர். எடைக்கருவி ஒன்றையும், இரத்தத்தில் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியையும் பெற்றோரிடம் தந்து, நாள்தோறும் குறித்து வரக் கற்பித்தனர். ஒரு நாளில் 30 கிராம் குறைந்தாலோ, மூன்று நாட்களில் 20 கிராமேனும் கூடாவிட்டாலோ உடனே தெரிவிக்க வேண்டும். முப்பது கிராம் என்பது எத்துணைச் சிறிய அளவு! அச்சிறு அளவைக் கவனிக்கக் கற்ற பெற்றோர், பேராபத்தை முன்கூட்டியே அறிவித்தனர்.

விவரம் கூறினால் பெற்றோர் அஞ்சுவர் என்பார் இன்றும் உளர். அச்சம் இயல்பே. ஆயினும் என்ன செய்வதென்று அறிந்தவரின் அச்சம் குழந்தைக்குக் காவலாகிறது. அறியாதவரின் அச்சமோ அவரைச் செயலற்றவராக்குகிறது. மாணவர்களே! உங்களுள் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆகப்போகிறவர்கள் இதனை நினைவில் கொள்ளுங்கள். கத்தியை நன்கு பயன்படுத்தக் கற்பதோடு, எழுத்தறியாத் தாய்க்கும் விளங்குமாறு பேசவும் கற்றுக்கொள்ளுங்கள்.