பழைய குழிகளைத் தோண்டியவர் யார்?

அண்மையில் ஒரு மாணவர் கேட்டார்: "கோலார் தங்கவயலின் பழைய குழிகளில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடினால் தங்கம் கிடைக்குமா?" கிடைக்காது என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். ஏன் கிடைக்காது என்று பார்க்கப் புகுந்தால், அவ்வினா நிலவியலிலிருந்து வரலாற்றுக்கும், வரலாற்றிலிருந்து மொழிக்கும் நம்மை இட்டுச் செல்கிறது.

இக்கருவி பெரும்பயன் தந்த நிலங்களுள் ஒன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். 1851இல் அங்கே தங்க வேட்டை தொடங்கியது. கட்டி கட்டியான தங்கம் மேல்மண்ணிலேயே கிடந்தது. 1869இல் மொலியாகல் ஊரருகே, தரைக்குச் சில சென்டிமீட்டர் கீழே, ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்த 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டியில் ஏறத்தாழ 72 கிலோ தங்கம் இருந்தது. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1980இல், கிங்கோவர் அருகே ஒருவர் டிடெக்டரின் ஒலியைத் தொடர்ந்து தோண்டி, 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை எடுத்தார். இன்றும் அங்கே தேடுவோர் பழைய குழிகளின் ஓரங்களையும், அவற்றிலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளையுமே முதலில் நாடுகின்றனர். முன்னவர் தோண்டிய இடத்தில் தங்கம் இருந்தது. களிமண்ணில் பொதிந்த சில கட்டிகள் அவர் கண்ணுக்குத் தப்பியிருக்கக்கூடும். கருவி ஒலிக்கும் பெரும்பாலான வேளைகளில் கிடைப்பவை துருவேறிய ஆணியும் ஈயக்குண்டும்தாம். ஆயினும் தேடலின் தர்க்கம் தெளிவானது: முன்னவரின் தடமே பின்னவரின் வழிகாட்டி.

கோலாரின் மண் வேறு. டிடெக்டரின் கம்பிச்சுருள் மாறும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டம் எழுப்பும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக்குகிறது. இதற்கு உலோகம் ஓரளவு திரண்டிருக்க வேண்டும். கோலாரிலோ தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸ் பாறைக்குள் நுண்துகள்களாகச் சிதறிக் கிடப்பது. பாறையைப் பொடித்து, அலசி, பிற்காலத்தில் சயனைடில் கரைத்தே அதைப் பிரிக்க முடிந்தது. அத்துகளின் முன் கருவி ஊமை.

ஆனால் கோலாரிலும் முன்னவரின் தடம் இருந்தது. அதைப் படித்தே பின்னவர் தங்கத்தை அடைந்தனர். திப்பு வீழ்ந்தபின் மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், 1802இல் இப்பகுதியில் தங்கம் உண்டென்று கேள்வியுற்று, காட்டுவோர்க்குப் பரிசு அறிவித்தார். ஊர்மக்கள் மாட்டுவண்டிகளில் மண்ணேற்றி வந்து, அவர் கண்முன்னே அலசித் தங்கத்துகளைக் காட்டினர். மாரிகுப்பத்தில் மக்கள் குழிகளில் இறங்கிக் கல்லெடுப்பதையும், பெண்கள் அக்கல்லைப் பாறைமேல் வைத்து இடித்துப் பொடியாக்குவதையும் அவர் கண்டார். வாரனின் குறிப்பைப் படித்தே மைக்கேல் லாவெல் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றார். 1880களின் தொடக்கத்தில் ஜான் டெய்லர் நிறுவனம் முதலை எல்லாம் கரைத்துக் கைவிடும் நிலையில் இருந்தபோது, பழங்காலத் தோண்டல்களைப் பின்பற்றி ஆழ இறங்கியதில்தான் 'சாம்பியன்' தங்கப்படிவு அகப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்ற சுரங்கத்தின் முதல் சில அடிகள், பெயரறியாத எவரோ தோண்டியவை.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் என்னை உறுத்துவது இங்கே கையாளப்படும் இலக்கணம். 'வாரன் கண்டறிந்தார்', 'லாவெல் உரிமம் பெற்றார்' என்னும் தொடர்களில் எழுவாய் உண்டு. 'பழைய குழிகள் காணப்பட்டன' என்பதில் காணப்பட்டவை குழிகள்; தோண்டியவர் இல்லை. 'பழைய' என்னும் ஒரு பெயரடை, ஒரு வினையையும் அதைச் செய்தவரையும் ஒருங்கே விழுங்கிவிடுகிறது. அக்குழிகள் மழை பெய்து உண்டானவை அல்ல. எந்தப் பாறை தங்கம் தாங்கும், எந்தப் படிவு எத்திசையில் சாயும் என்ற அறிவின் பதிவுகள் அவை. வாரன் கண்ட காலத்தில் அவ்வறிவு பழையதும் அன்று. உயிரோடு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

சட்டமும் இதே இலக்கணத்தைப் பின்பற்றியது. விக்டோரியாவில் 1854ஆம் ஆண்டின் யூரேகா எழுச்சிக்குப் பின், 1855இல் 'மைனர்ஸ் ரைட்' என்னும் எளிய அனுமதிச்சீட்டு வந்தது. அனுமதிக்கப்பட்ட நிலத்தில் அச்சீட்டுடன் தேடுபவர் கண்டெடுத்தது அவருக்கே உரியது. அந்நடைமுறை இன்றும் உள்ளது. (அச்சீட்டும் ஜா ஜா வுரங் முதலிய தொல்குடி மக்களின் நிலத்தின்மீது அவர்களைக் கேளாமல் எழுதப்பட்டது என்பதை மறத்தலாகாது.) கோலாரிலோ உரிமை குத்தகையாகக் கம்பெனிகளைச் சேர்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்க்குக் கிடைத்தது கூலி மட்டுமே.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சியவை சயனைடு மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு மண். அதிலும் தங்கத் துகள் உண்டு. அவற்றுள் 13 மேடுகளை ஏலத்தில் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. அம்மேடுகளின் தூசியைச் சுவாசித்து வளர்ந்தவர்களோ, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். வாரனுக்குத் தங்கத்தைக் காட்டிய பகுதியின் பெயர் இன்று ரயிலின் புறப்பாட்டு நிலையமாக நிற்கிறது.

கேட்ட மாணவருக்கு என் விடை இதுதான். கோலாரில் கருவி எதையும் ஒலித்துக் காட்டாது. ஆனால் 'பழைய குழி' என்று ஓர் ஆவணத்தில் படிக்கும்போதெல்லாம், அங்கே நிறுத்தி, தோண்டியவர் யார் என்று கேளுங்கள். நம் துறையில் தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அது.