வள்ளல் கொடுக்காத பொருள்

சிக்கல் என்றதும் உங்களுக்கு நாகப்பட்டினத்துக்கு அருகில் சிங்காரவேலர் கோயில் கொண்டிருக்கும் சிக்கல்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அதுவல்ல. இராமநாதபுரம் மாவட்டத்தில், கீழக்கரைக்கு மேற்கே, கடலை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இன்னொரு சிக்கல் இருக்கிறது. பனையும் கருவேலும் மிளகாய்க் கொல்லையும் கண்மாயுமாக வானம் பார்த்துக் கிடக்கும் பூமி. அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கீழக்கரையிலிருந்து வந்து மளிகைக் கடை வைத்து, அப்படியே ஊரோடு ஊராகிவிட்ட முஸ்லிம் குடும்பம். 'அண்ணே' என்று நானும் 'தம்பி' என்று அவரும் அழைத்துக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது.

ஒரு நாள் அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறதாம். ஏழாம் நாள் பெயர் வைக்க வேண்டுமாம்.

"தம்பி, நீங்க கதையிலே வர்ற ஆளுக்கெல்லாம் பேரு வைக்கிறவங்க. நம்ம பேரனுக்கும் ஒண்ணு சொல்லுங்க. ஊரிலே யாருக்கும் இல்லாத பேரா இருக்கணும்."

நான் யோசிக்கவே இல்லை. "சீதக்காதி" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சிரித்தார். "நல்லாச் சொன்னீங்க! பள்ளிக்கூடத்திலே பக்கத்துப் பையனுக்கு ஒரு பென்சில் கொடுக்கலேன்னாக்கூட, 'இவன் பேரைப் பாரு, குணத்தைப் பாரு'ன்னு வாத்தியார் சொல்லுவாரே!"

அத்துடன் பேச்சு வேறு திசையில் போய்விட்டது. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. தமிழ்நாட்டில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பாள். இவ்வளவு பிரசித்தமான பெயரைத் தாங்கிய பிள்ளை ஒருவனையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

அந்தப் பெயரின் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்த பெரிய கப்பல் வணிகர் ஒருவரின் பெயர் அது. அவருடைய உண்மைப் பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். 'ஷெய்கு' என்றால் பெரியவர், தலைவர். 'அப்து' என்றால் அடிமை. 'காதிர்' என்பது ஆற்றல் மிக்கவன் என்று பொருள்படும் இறைவனின் திருநாமங்களுள் ஒன்று. ஆக, அப்துல் காதிர் என்றால் வல்லவனாகிய இறைவனின் அடிமை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த மகான் முகியித்தீன் அப்துல் காதிர் ஜீலானியின் பெயரும் இதுவே. அவரிடம் கொண்ட பக்தியினால் தமிழ்க் கடற்கரை நெடுகிலும் இந்தப் பெயர் பரவிற்று. நாகூரில் அடங்கியிருக்கும் ஆண்டவருக்கும் அப்துல் காதிர் ஷாகுல் ஹமீது என்றே பெயர். பாருங்கள், அந்தச் சிக்கலுக்குப் பக்கத்தில் ஓர் அப்துல் காதிர். இந்தச் சிக்கலுக்குப் பக்கத்தில் ஓர் அப்துல் காதிர்!

ஷெய்கு அப்துல் காதிர் எப்படிச் சீதக்காதி ஆனார்? தமிழ் நாக்கு செய்த வேலைதான். ஷகரம் தமிழுக்குப் புதிது, அதைச் சகரமாக்கிற்று. ஷெய்கும் அப்துலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தேய்ந்தன. காதிரின் கடைசி எழுத்து உதிர்ந்து 'காதி' ஆயிற்று. பழைய நூல்களில் 'செய்தக்காதி' என்றும் காண்கிறோம். இன்னும் கொஞ்சம் உருண்டபோது 'சீதக்காதி' ஆகிவிட்டது. சீதம் என்றால் குளிர்ச்சி அல்லவா? பொருள் தற்செயலாக வந்து சேர்ந்ததுதான். ஆனாலும் வெயில் காயும் அந்தச் சீமையில், வந்தவர்களையெல்லாம் குளிர வைத்தவருக்கு அது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

அந்தக் காலத்து இராமநாதபுரத்து மன்னர் ரகுநாத சேதுபதி. 1710-இல் காலமான அவரைச் சரித்திரம் 'கிழவன் சேதுபதி' என்றே அழைக்கிறது. பழந்தமிழில் கிழவன் என்றால் உரிமையுடையவன் என்று அர்த்தம். நாம்தான் தடியைக் கையில் கொடுத்து அவரை முதியவராக்கிவிட்டோம். இந்த மன்னருக்கும் அந்த வணிகருக்கும் ஆழ்ந்த நட்பு. சேதுபதி தமக்குரிய பட்டப்பெயரையே நண்பருக்கு அளித்து 'விஜய ரகுநாதப் பெரியதம்பி மரைக்காயர்' என்று சிறப்பித்தார். டச்சுக் கம்பெனியார் எழுதி வைத்த குறிப்புகளில் அவர் 'பெரிய தம்பி'யாகவே வருகிறார். மிளகு, அரிசி, துணி என்று பல சரக்குகளில் கம்பெனிக்குச் சரியான போட்டியாக நின்றவர். டச்சுக்காரர்கள் அவரைப் பற்றி நல்ல வார்த்தை அதிகம் சொல்லவில்லை. வியாபாரத்தில் நஷ்டப்பட்டவன் சொல்லும் சான்று சில சமயம் புலவர் பாட்டைவிட நம்பத் தகுந்தது!

புலவர் பாட்டுக்கும் குறைவில்லை. உமறுப் புலவரைச் சீறாப்புராணம் எழுதத் தூண்டியவர் அவர்தான். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட நூல். அது முற்றுப்பெறுமுன் வள்ளல் மறைந்துவிட்டார். பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசீம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். நூலினுள்ளே புலவர் நன்றியோடு இடையிடையே வாழ்த்துவது அபுல் காசீமையே. முதலில் வித்திட்டவர் பெயரை அங்கே தேடினால் கிடைக்காது. என்ன விந்தை! நூலில் பெயர் ஏறியவரைப் படித்தவர்கள் அறிவார்கள். ஏறாதவரை ஊரே அறியும்.

அவர் பெயரில் தனி நூல்கள் இல்லாமலில்லை. உமறுப் புலவர் திருமண வாழ்த்து ஒன்று பாடினார். சீதக்காதி நொண்டி நாடகம் என்று ஒன்று உண்டு. குதிரை திருடப் போய்க் கால் இழந்த ஒருவன், வள்ளலின் உதவியால் மக்கமாநகர் சென்று மீண்டும் கால் பெறுகிற கதை. திருடனுக்கும் வழிச் செலவு கொடுத்தவர் என்பது அந்த நாடகத்தின் நம்பிக்கை. தானியம் தங்கத்தின் விலைக்கு ஏறிவிட்ட ஒரு பஞ்சத்தில், வந்தவர்க்கெல்லாம் அவர் சோறிட்டதைப் படிக்காசுப் புலவர் பாடியிருக்கிறார். ஏரியும் ஆறும் நிறைந்த சீமையில் அன்னமிடுவது ஒரு தர்மம். மழை பொய்க்கும் சேது நாட்டில் அது உயிர்ப் பிச்சை. அந்தப் பாட்டின் கனம் இராமநாதபுரத்துக்காரர்களுக்குத்தான் முழுதும் தெரியும்.

இனி, பழமொழிக்கு வருவோம். பரிசில் நாடி வந்த புலவர் ஒருவர், வள்ளல் இறந்துவிட்டார் என்று கேட்டு அடக்கத்தலத்துக்கே சென்று அழுது பாடினாராம். மண் விலகி, மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டதாம். புலவர் இன்னார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். 'என் மோதிரத்தை அந்தப் புலவரிடம் சேர்த்துவிடுங்கள்' என்று வள்ளல் முன்பே சொல்லி வைத்திருந்தார் என்று கதையை நடப்புக்கு இசையச் சொல்வோரும் உண்டு. எப்படியானாலும் கதையின் உட்பொருள் ஒன்றே.

இன்று கீழக்கரைக்குப் போனால் அவர் எழுப்பிய கல் பள்ளிவாசலைப் பார்க்கலாம். கோயில் மண்டபம் போலத் தூண்கள் நிற்கின்றன. சேது நாட்டுச் சிற்பிகளின் உளி தொழுகைக்கும் இடம் அமைத்துக் கொடுத்திருக்கிறது. இராமநாதபுரம் நகரத்து விளையாட்டரங்கத்துக்குச் சீதக்காதி சேதுபதி என்று நண்பர் இருவர் பெயரையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். சென்னையில் அவர் பெயரால் அறக்கட்டளை நடக்கிறது. 2018-இல் 'சீதக்காதி' என்றே ஒரு திரைப்படம் வந்தது. இறந்த பிறகும் நடிப்பை வழங்கிக்கொண்டிருக்கும் ஒரு நாடக நடிகரின் கதை. அந்த நடிகராக வேஷம் கட்டியவர் பெயர் விஜய் சேதுபதி! அந்தக் கதையிலும் கதாநாயகன் பெயர் ஆதிமூலம்தான், சீதக்காதி அல்ல.

அரங்கத்துக்கு வைக்கலாம், அறக்கட்டளைக்கு வைக்கலாம், படத்துக்கு வைக்கலாம். பிள்ளைக்கு மட்டும் வைக்கமாட்டோம். பாரி என்று பெயர் வைக்கிறோம்; கர்ணன் என்று வைக்கிறோம். அராபியர் தங்கள் பெருங்கொடையாளன் ஹாத்திமின் பெயரைப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் சூட்டுகிறார்கள். சீதக்காதிக்கு மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? ரோமாபுரியில் ஸீஸர் என்பது ஒரு மனிதன் பெயராக இருந்து, பிறகு கெய்ஸர் என்றும் ஜார் என்றும் அரச பதவியாகிவிட்டது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பழமொழி அந்தப் பெயரைப் பதவியாக்கிவிட்டது. பதவியைத் தொட்டிலில் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்? எல்லாவற்றையும் வாரிக் கொடுத்த வள்ளல் தம் பெயரை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இந்த முடிவோடு எட்டாம் நாள் நண்பரைக் கூப்பிட்டேன். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டேன். "அப்துல் காதிர்" என்றார். "ஊரிலே யாருக்கும் இல்லாத பேரு வேணும்னீங்களே அண்ணே, தெருவுக்கு நாலு காதிர் இருப்பாங்களே" என்றேன்.

அப்போதுதான் அவர் சிரிக்காமல் பேசினார். அவருடைய தகப்பனார் காலத்தில் தொடர்ந்து மழை தப்பிய சமயம் ஒன்று வந்ததாம். கடையில் அரிசியும் பருப்பும் கடனுக்குப் போய்க்கொண்டே இருந்ததாம். பற்று நோட்டு மூன்று நிறைந்துவிட்டது. பல வருஷம் கழித்து, மழை பெய்து கண்மாய் பெருகியிருந்த ஒரு வருஷத்தில் பெரியவர் படுக்கையில் விழுந்தார். மகனைக் கூப்பிட்டு, "அந்த நோட்டை எல்லாம் கண்மாயிலே போட்டுட்டு வா" என்றார். போட்டுவிட்டு வந்தபோது அவர் கண் மூடியிருந்தார்.

"மையத்தை எடுக்கிறப்போ ஊர் முழுக்கச் சொன்ன வார்த்தை அதுதான் தம்பி. 'செத்தும் கொடுத்தாருய்யா'ன்னு. வாப்பாவுக்கு அந்தப் பேரை நாங்களா வச்சோம்? ஊரு வச்சது. இவனுக்கும் வேணும்னா ஊரு வைக்கட்டும். நாங்க அப்துல் காதிர்னு தொடங்கி விட்டிருக்கோம். அவரும் அப்படித்தானே தொடங்கினாரு!"

சில மாதம் கழித்துச் சிக்கலுக்குப் போயிருந்தேன். பேரனை என் மடியில் வைத்தார்கள். பயல் என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எட்டிப் பிடித்துக்கொண்டான். என்ன கெஞ்சியும் விடவில்லை. விரலைப் பிரித்தால் வீடு அதிர அழுதான்.

நண்பர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "நல்ல வேளை தம்பி, அந்தப் பேரை வைக்கலே!"

இந்தக் கட்டுரையை வேறு பேனாவால்தான் எழுதினேன்.