பத்து பிரிங்கியில் எங்கள் கடை: முன்பாதியும் பின்பாதியும்

ஊரிலிருந்து முதல் தடவை பினாங்குக்கு வரும் உறவினர்களிடம் எங்கள் கடை பத்து பிரிங்கியில் இருக்கிறது என்று சொன்னால், "பத்தாவது பிரிங்கியா? மற்ற ஒன்பதும் எங்கே?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மலாயில் பத்து என்றால் பாறை. பிரிங்கி வேறொன்றுமில்லை, நம்முடைய பரங்கிதான். சோழமண்டலக் கரையில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அதே சொல், கடல் தாண்டி இங்கேயும் ஒட்டிக்கொண்டது. வெளியூரார் பெயரைத் தாங்கிய இந்தக் கடற்கரை, பிற்காலத்தில் வெளியூராரை நம்பியே பிழைக்கும் ஊராகவும் ஆயிற்று.

பொன்விழா மலர்க் குழுவினர் எங்களிடம் கட்டுரை கேட்டபோது முதலில் தயங்கினோம். பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் வரலாறு என்றால் சூலியா தெரு, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், நாகூர் தர்கா என்றுதான் எழுதுவார்கள். அதற்கு எங்களைவிடத் தகுதியான பெரியவர்கள் இருக்கிறார்கள். "நகரத்தை அவர்கள் எழுதட்டும், கடற்கரையை நீங்கள் எழுதுங்கள்" என்றார் குழுவில் இருக்கும் மாமா ஒருவர். இங்கே நாங்கள் என்று எழுதுவது எங்கள் குடும்பத்தை. சில இடங்களில், அந்தச் சாலையோரத்தில் எங்களோடு கடை வைத்திருந்த மற்றவர்களையும் சேர்த்துத்தான்.

எங்கள் பாட்டனார் 1936இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். அப்போது பதினாறு வயது. சூலியா தெருவில் ஒரு துணி மொத்தக் கடையில் பையனாகச் சேர்ந்து, இரவில் கடை மேசை மேலேயே படுத்து, முப்பது வருடம் அதே கடையில் உழைத்தார். சொந்தக் கடை போட வேண்டும் என்று சேர்த்த பணத்தைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். பேங்கில் போடவில்லை. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அந்த ஆண்டு ஜூனில் வெளிவந்த புதிய மலேசிய நோட்டு இறங்கவில்லை, பவுண்டோடு கட்டியிருந்த பழைய நோட்டு இறங்கிவிட்டது. பழைய ஒரு வெள்ளிக்கு 85 காசுதான் என்று ஆனது. பாட்டனாரின் டின்னில் இருந்தவை எல்லாம் பழைய நோட்டு. நவம்பர் 24ஆம் தேதி பினாங்கில் கடையடைப்பு நடந்து அது கலவரமாகிப் போனதைச் சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. எங்கள் வீட்டில் அதைச் சொல்லும் விதம் வேறு: "நூறுக்குப் பதினைந்தைக் காற்று கொண்டு போன வருசம்."

அடுத்த அடி 1969இல். பினாங்கு வரியில்லாத் துறைமுகம் என்ற அந்தஸ்தை இழந்தது. துறைமுகத்தை நம்பிய மொத்தக் கடைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. பாட்டனார் வேலை பார்த்த கடையும் கைமாறியது. வயது ஐம்பதை நெருங்கும்போது மனிதர் நடுத்தெருவில் நின்றார். அந்தச் சமயம் வடகரையில் ஹோட்டல்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. 1948இல் வந்த லோன் பைன் ஏற்கெனவே இருந்தது. 1973இல் ராசா சயாங் திறந்தபோது, இனி வெள்ளைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள் என்று ஊரே பேசியது. நகரத்திலிருந்து நீல நிற பஸ்ஸில் வளைந்து வளைந்து போகிற அந்த மீனவக் கம்பத்தில், சாலைக்கு மலைப்பக்கமாகப் பலகைக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார். அத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நம் சங்கம் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். சங்கத்தின் சந்தா ரசீதுப் புத்தகம் ஒன்று வெகுநாள் எங்கள் கல்லாப்பெட்டியிலேயே கிடந்தது. கடற்கரைப் பக்கத்துச் சந்தாவை வசூல் பண்ணியது அத்தா.

கடைக்கு முன்பாதி, பின்பாதி என்று இரண்டு இருந்தன. முன்பாதி சுற்றுப்பயணிகளுக்கு. பாத்திக் துணி, ஓலைத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தபால் அட்டை, மஞ்சள் டப்பாவில் கொடாக் பிலிம். பின்பாதி கம்பத்து மக்களுக்கு. அரிசி, சீனி, மண்ணெண்ணெய், கருவாடு, தூண்டில் நரம்பு, அம்மா வீட்டில் அரைத்துப் பொட்டலம் கட்டிய மீன்கறி மசாலா. கைலி மட்டும் இரண்டு பாதியிலும் விற்றது. மலாய்க்காரர்கள் அதைக் காயின் பெலிக்கட் என்பார்கள். பெலிக்கட் என்பது நம் பழவேற்காடு. ஊர்ப் பெயரே துணியின் பெயராக நிலைத்துவிட்டது. அதை விற்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் அது தெரியாது என்பது வேறு கதை.

முன்பாதியில் ரொக்கம், பேரம். பின்பாதியில் பேரம் கிடையாது, கடன் உண்டு. கடனுக்கு 555 புத்தகம். இந்த நாட்டில் வளர்ந்த யாருக்கும் அதை விளக்க வேண்டாம். உள்ளங்கை அளவு, அட்டையில் மூன்று ஐந்துகள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புத்தகம். கடலுக்குப் போனவர் மீன் விற்றதும் பாதி கொடுப்பார், மீதி அடுத்த பக்கத்துக்குப் போகும். மழையும் காற்றும் சேர்ந்து வரும் செப்டம்பர், அக்டோபரில் படகு இறங்காது, ஹோட்டலிலும் ஆள் இருக்காது. அந்த இரண்டு மாதமும் புத்தகங்கள் மட்டும் தடித்துக்கொண்டே போகும். நவம்பருக்குப் பிறகு குளிருக்குப் பயந்து ஐரோப்பாக்காரர்கள் வந்தால்தான் முன்பாதி அந்தப் பள்ளத்தை நிரப்பும்.

எங்கள் சின்ன வயதெல்லாம் அரிசி மூட்டை மேல்தான். சுபுஹு தொழுதுவிட்டு அத்தா பின்கதவைத் திறப்பார். மதியம் சாப்பிட்டு ஒரு தூக்கம். மாலை ஆறு மணிக்குச் சாலையோரத்தில் பசார் மாலாம் கூடாரங்கள் முளைக்கும். ராத்தாவும் நாங்களும் முன்பாதிச் சாமானை வெளியே தூக்கி அடுக்குவோம். அடைக்க நள்ளிரவு ஆகும். வீட்டுப்பாடம் செய்தது கடை விளக்கில். அத்தா மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் மலாயிலும் ஹொக்கியனிலும் சண்டையே போடுவார். ஜெர்மன் மொழியில் நூறு வரை எண்ணுவார்.

அவரை ஏமாற்றியது அரபு ஒன்றுதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அரபு நாட்டுக் குடும்பங்கள் வரத் தொடங்கின. ஓதிப் படித்த மொழிதானே என்று அத்தா தைரியமாக முன்னால் போய் நின்றார். ஒரு பெரியவர் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "காலி, காலி" என்றார். "காலியில்லை, உள்ளே நிறைய இருக்கிறது" என்று அத்தா மூட்டையைப் பிரித்துக் கடை பரப்பினார். அவர் மறுபடியும் காலி என்றார், அத்தா மறுபடியும் பிரித்தார். அரபில் காலி என்றால் விலை அதிகம் என்று எங்களுக்குப் புரிவதற்குள் கடையில் நிற்க இடமில்லை.

1997, 98 நெருக்கடியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இரண்டரை ரிங்கிட்டுக்குக் கிடைத்த அமெரிக்க டாலர் 1998 ஜனவரியில் 4.88 வரை போனது. செப்டம்பரில் அரசாங்கம் 3.80 என்று கட்டி வைத்தது. ஊரெல்லாம் வியாபாரம் படுத்தது என்று அழுதபோது கடற்கரையில் நேர்மாறு. வெளிநாட்டவருக்கு எல்லாமே மலிவு. முன்பாதி ஓடியது. பக்கத்தில் லைசென்ஸ் எடுத்து நாணயமாற்று நடத்திய மச்சானின் கவுண்டரில் வரிசை நின்றது. பின்பாதியில் அதே மாதங்களில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை போனவர்களின் 555 புத்தகம் கூடியது. முன்னால் வந்ததைப் பின்னால் போட்டு அத்தா சமாளித்தார். கடைக்கு இரண்டு பாதி ஏன் என்பது அன்றைக்கே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மதியம் ஒரு மணி தாண்டியிருக்கும். கடல் உள்வாங்கியதைப் பார்க்கப் போன பிள்ளைகளைப் பெரியவர்கள் கத்திக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தார்கள். எங்கள் கடை மேட்டில் இருந்ததால் தண்ணீர் வாசலோடு நின்றது. கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இந்த நாட்டில் அன்று இறந்தவர்கள் 68 பேர், அவர்களில் பெரும்பாலோர் பினாங்குத் தீவில். சுற்றுப்பயணிகள் மாதக்கணக்கில் வரவில்லை. மீனவர்களுக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. அத்தா யாரையும் கேட்கவில்லை, புதுப் புத்தகம் இரண்டு டஜன் வாங்கி வந்தார். அம்மா மட்டும், "நம்ம பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு இருக்குங்க" என்று ஒரு முறை சொன்னது நினைவிருக்கிறது. அந்தக் கடனில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. ஆனாலும் படிக்க வைத்தார்.

பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் டிப்ளோமா முடித்து, தொழிற்சாலையில் இரண்டு வருடம் இரவு ஷிப்ட் பார்த்து, ஆள் குறைப்பில் வெளியே வந்து, கடைக்கே திரும்பினோம். படித்த படிப்பைக் கடையில் காட்டத் துடித்தோம். கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றினோம். 2012இல் அந்தக் கணக்கைப் பிரிண்ட் எடுத்து அத்தா முன்னால் வைத்தோம். சீனிக்கும் எண்ணெய்க்கும் கட்டுப்பாட்டு விலை, கிலோவுக்குச் சில காசுதான் நிற்கும். பின்பாதி இடத்தைப் பிடிக்கிறது, முதலைத் தின்கிறது, வராத கடனைச் சுமக்கிறது. முழுக் கடையையும் சுற்றுப்பயணிகளுக்கே திருப்பினால் லாபம் ஏறக்குறைய இரட்டிப்பு. அத்தா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கணக்கு சரிதான் தம்பி" என்றார். அவ்வளவுதான். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

பின்பாதியை எடுத்துவிட்டுக் குளிர்சாதனம் போட்டோம், கண்ணாடிக் கதவு வைத்தோம். லைசென்சைப் புதுப்பிக்கும்போது மளிகை என்ற வரியை நாங்களே நீக்கினோம். கம்பத்து வீட்டுப் பெண்கள் முதல் சில வாரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு சூப்பர்மார்க்கெட்டுக்குப் பழகிக்கொண்டார்கள். எட்டு வருடம் நாங்கள் போட்ட கணக்கு பொய்க்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், வீட்டுக் கடனை அடைத்தது அந்த எட்டு வருடம்தான்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மளிகைக் கடை திறக்கலாம், மற்றவை மூட வேண்டும். எங்கள் லைசென்சில் மளிகை இல்லை. நாங்களே நீக்கிய அந்த ஒரு வரிக்காகக் கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்தோம். பின்பாதியை விடாத பக்கத்துக் கடைக்காரர் திறந்து வைத்திருந்தார். எங்களிடம் இருந்ததோ ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓலைத் தொப்பி. வாடகை நிற்கவில்லை. வேலை பார்த்த இரண்டு பையன்களுக்கு ஜூன் வரை சம்பளம் கொடுத்தோம், அதற்கு மேல் முடியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லவும் முடியாமல் போனில் சொன்னோம்.

அந்த நாட்களில் கம்பத்தின் பழைய மீனவர் ஒருவர் காலையில் வீட்டு வாசலில் ஒரு பையைத் தொங்கவிட்டுப் போக ஆரம்பித்தார். கெம்போங், சில நாள் இறால். ஹோட்டல் எல்லாம் மூடிக் கிடந்ததால் அவருக்கும் நல்ல மீனை வாங்க ஆளில்லை. பணம் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. "நந்தி, மாமா, நந்தி" என்றார், அப்புறம் என்று. சும்மா வாங்க அத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை, கணக்காவது எழுதிக்கொள் என்று வற்புறுத்தினார். மறுநாள் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு 555 புத்தகத்தை எடுத்துக் காட்டினார். முதல் பக்கத்தில் எங்கள் கடைப் பெயர். கீழே தேதியும் எடையும் வரிசையாக. முப்பத்தைந்து வருடம் மற்றவர் பெயரை எழுதிய அத்தா, தன் பெயரை அதில் பார்த்ததும் முதலில் சிரித்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மளிகை வரியைத் திரும்பச் சேர்க்க நான்கு மாதம் ஆனது. எல்லை திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதி. அதுவரை எங்களுக்குச் சோறு போட்டது அரிசியும் சீனியும் அம்மாவின் மசாலாவும், போனில் ஆர்டர் எடுத்து மோட்டார் சைக்கிளில் கொண்டு போய்க் கொடுத்ததும்தான். கண்ணாடிக் கதவை எடுத்துவிட்டோம், குளிர்சாதனம் பின்பாதியில் ஓடி என்ன பயன்? இப்போது கடன் கணக்கெல்லாம் போனில்தான். அத்தாவுக்கு மட்டும் அதில் நம்பிக்கை இல்லை. அஸருக்குப் பிறகு வந்து கல்லாவில் உட்கார்ந்து, நாங்கள் போனில் ஏற்றியதை மறுபடியும் 555இல் எழுதுகிறார். அந்த மீனவரின் புத்தகம் இன்னும் தீரவில்லை. மாதம் ஒரு முறை அரிசி கொண்டு போய்க் கொடுக்கிறோம். அவர் எடையைப் பார்த்து எழுதிக் கழித்துவிட்டு, அதே கையோடு மீனையும் கொடுத்து மறுபடியும் எழுதிவிடுகிறார்.