செஞ்சி ரோட்டில் ஒரு குட்டி சைக்கிள்: முதல் ஃபோல்டிங் சைக்கிளை உடம்புக்குப் பழக்குவது எப்படி?

யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கி, அதன் மேல் ஏறிய வீரன் என்றுதான் தேசிங்கு ராஜாவின் கதையைச் செஞ்சிப் பக்கம் சொல்வார்கள். பட்ஜெட் விலையில் ஃபோல்டிங் சைக்கிள் வாங்கி முதல் தடவை ஏறி உட்காருபவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அனுபவம்தான்! ஹேண்டிலைத் தொட்டாலே திரும்புது, சின்னப் பள்ளம்கூட முதுகில் இடிக்குது, நாலு நாளில் முட்டி வலிக்குது. 'ஆசைப்பட்டு வாங்கிட்டோமே, பணம் வேஸ்ட்டா?' என்ற எண்ணம் வந்துவிடும். அடுத்த மாதம் அந்த சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே, ஈரத்துண்டு காயப்போடும் ஸ்டாண்டாக நிற்கும்.

அவசரப்படாதீங்க. பெரும்பாலும் குறை சைக்கிளின் விலையில் இருப்பதில்லை. அதை உங்கள் உடம்புக்கு யாரும் அளவு வைத்துத் தரவில்லை, அவ்வளவுதான். ஒரு ஆலன் கீ செட், ஒரு பம்ப், அரை மணி நேரம், அதன்பிறகு நாலு வாரப் பொறுமை. இவை இருந்தால் 20,000 ரூபாய்க்குள் வாங்கிய மடக்கு சைக்கிளையும் நிம்மதியாக ஓட்டலாம்.

செஞ்சிக்கு இது ஏன் பொருந்தும்?

செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. திண்டிவனம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எங்கே வேலைக்கோ படிக்கவோ போனாலும் பஸ்தான். வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒன்றிரண்டு கிலோமீட்டர், அங்கே இறங்கியபிறகு இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர். தினமும் ஷேர் ஆட்டோவுக்கும் பைக் பார்க்கிங்குக்கும் காசு கரைவது இந்தச் சின்னத் தூரங்களில்தான். மடக்கு சைக்கிள் கச்சிதமாகப் பொருந்துவதே இப்படிப்பட்ட துண்டுப் பயணங்களுக்குத்தான்.

இது புது ஃபேஷனும் இல்லை. நம் ஊரில் தாத்தா காலத்திலிருந்து பழகிய பெயர் பி.எஸ்.ஏ. பிரிட்டனின் அந்த பி.எஸ்.ஏ கம்பெனி, இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்கள் தங்களோடு எடுத்துக்கொண்டு குதிக்க மடக்கு சைக்கிள் தயாரித்துக் கொடுத்தது. 1970-களின் நடுவில் லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி வடிவமைத்த பிராம்ப்டன்தான் இன்றைக்கு இந்த வகையில் உலகப்புகழ் பெற்றது. ஆனால் அதன் விலை இங்கே லட்சத்தைத் தாண்டும். நாம் பேசுவது 20 அங்குலச் சக்கரம், 12 முதல் 15 கிலோ எடை உள்ள சாதாரண மாடல்களைப் பற்றி.

முதல் வேலை சீட் உயரம்

நம்மில் பலர் குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் கற்றவர்கள். அதனால் 'உட்கார்ந்தபடியே ரெண்டு காலும் தரையில் ஊனணும்' என்ற பயம் மனதில் தங்கிவிட்டது. சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி ஓட்டுவோம். முட்டிவலிக்கு முக்கியமான காரணமே இதுதான்.

சரியான உயரத்தைக் கண்டுபிடிக்கச் சுவரை ஒட்டி சைக்கிளை நிறுத்தி, சீட்டில் ஏறி உட்காருங்கள். ஒரு பெடலைக் கீழ்க்கோடிக்குக் கொண்டு வந்து, அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது குதிகாலுக்குப் பதிலாக முன்பாதத்தால் மிதிப்பீர்கள். அப்போது முட்டி லேசாக மடங்கி இருக்கும். எப்போதும் போடும் செருப்பு அல்லது ஷூவோடு அளப்பது முக்கியம்.

'அப்போ நிறுத்தும்போது விழுந்துடுவேனே?' என்று கேட்கலாம். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்பக்கம் இறங்கி ஒரு காலை ஊன்ற வேண்டும். மடக்கு சைக்கிளில் நடுவில் உயரமான பார் கிடையாது என்பதால் இது ரொம்ப சுலபம். சேலை, சுடிதார், வேட்டி எதுவானாலும் தடுக்காது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான பெண்கள் பெரியவர்களான பிறகு சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொள்ள வயது ஒரு தடையே இல்லை.

சரியான உயரம் கிடைத்ததும் சீட் கம்பியில் அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை மடக்கி விரிக்கும்போதும் சீட் இறங்கி ஏறும். கோடு இல்லையென்றால் தினம் ஒரு உயரத்தில் ஓட்டுவீர்கள், உடம்பு எதற்கும் பழகாது. கம்பியில் கம்பெனியே போட்ட எல்லைக்கோடு ஒன்று இருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு சீட்டை ஏற்றவே கூடாது. கம்பி வளையும், ஃபிரேம் விரியும். உங்களுக்கு அந்த உயரம் போதவில்லை என்றால் அந்த மாடல் உங்களுக்கானது அல்ல. அதேபோல் எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

சீட்டின் சாய்வு, ஹேண்டில்

சீட் தரைக்குச் சமமாக இருக்கட்டும். மூக்குப் பகுதி மேலே தூக்கினால் தொடை இடுக்கு மரத்துப்போகும். கீழே சரிந்தால் உடம்பு வழுக்கி முன்னால் போய், பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். சீட்டுக்கு அடியில் உள்ள நட்டைத் தளர்த்தினால் சாய்வையும், முன்பின் தூரத்தையும் மாற்றலாம். ஒரு தடவைக்கு அரை சென்டிமீட்டர் மட்டும் மாற்றி, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

ஹேண்டில் உயரத்தைக் கூட்டக்கூடிய மாடல் என்றால், ஆரம்பத்தில் அது சீட்டைவிடக் கொஞ்சம் உயரமாக இருப்பது நல்லது. முதுகும் கழுத்தும் தப்பிக்கும். பல பட்ஜெட் மாடல்களில் ஹேண்டில் கம்பி அசையாது. அப்போது சீட்டை லேசாக முன்னால் நகர்த்தலாம். பிரேக் லீவரையும் கவனியுங்கள். விரலை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் எட்ட வேண்டும்.

காத்து அடிப்பதில்தான் பாதி சுகம்!

சின்ன டயரில் காற்று கொள்ளளவு குறைவு. கொஞ்சம் இறங்கினாலும் மிதிக்கக் கல்லைக் கட்டி இழுப்பதுபோல இருக்கும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது டயரின் பக்கச் சுவரிலேயே எழுதியிருக்கும். உதாரணத்துக்கு 40 - 65 பி.எஸ்.ஐ என்று இருந்தால், நடுவில் 50-ல் ஆரம்பியுங்கள். ரோடு கரடுமுரடு, உங்கள் எடை குறைவு என்றால் கொஞ்சம் இறக்கலாம். எடை அதிகம் என்றால் கொஞ்சம் ஏற்றலாம். கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது, மீட்டர் வைத்த பம்ப்தான் சரி. வாரம் ஒரு தடவை போதும். பெட்ரோல் பங்க்கில் அடித்தால் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். குட்டி டியூப் சில விநாடிகளில் நிரம்பிவிடும்.

கிராமத்து ரோடுகளில் இன்னொரு எதிரி கருவேல முள். டயரில் 47-406 மாதிரி ஒரு எண் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். 47 என்பது டயரின் அகலம், 406 என்பது டயர் உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 20 அங்குலச் சிறுவர் சைக்கிள் பலவற்றுக்கும் இதே அளவுதான். அதனால் உள்ளூர் சைக்கிள் கடையிலேயே டியூப் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரு டியூபை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால் நிம்மதி.

சின்னச் சக்கரத்தின் குணம்

'குட்டிச் சக்கரம்னா ரெண்டு மடங்கு மிதிக்கணுமே?' என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. இல்லை. சக்கரம் சின்னதாக இருப்பதை ஈடுகட்டத்தான் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக வைத்திருப்பார்கள்.

ஆனால் ரெண்டு விஷயம் நிஜமாகவே வித்தியாசப்படும். ஒன்று, ஹேண்டில் சட்டென்று திரும்பும். பிடியைத் தளர்த்துங்கள், சக்கரத்துக்கு முன்னால் உள்ள ரோட்டைப் பார்க்காமல் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பாருங்கள். ஒரு கையை எடுத்து சிக்னல் காட்டுவதைக் காலி மைதானத்தில் பழகியபிறகே ரோட்டில் செய்யுங்கள். இரண்டாவது, பெரிய சக்கரம் தாண்டிப் போகும் பள்ளத்தில் இது இறங்கிவிடும். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் வேகம் குறைத்து, ரெண்டு பெடலும் சமமட்டத்தில் இருக்க, முட்டியை மடக்கி, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்ளுங்கள். அதிர்ச்சியைக் கால்கள் வாங்கிக்கொள்ளும், முதுகுக்குப் போகாது. எழுந்து நின்று ஹேண்டிலை இழுத்து மிதிப்பது மட்டும் வேண்டாம். நீளமான ஹேண்டில் கம்பிக்கு அது ஆகாது.

மூணு லாக், ஒரு நிமிஷம்

வலியைவிட முக்கியமானது இது. மடக்கு சைக்கிளில் ஃபிரேம் நடுவில் ஒன்று, ஹேண்டில் அடியில் ஒன்று, சீட் கம்பியில் ஒன்று என மூணு லாக் இருக்கும். ஓடும்போது ஒன்று கழன்றாலும் ஆபத்து. ஒவ்வொரு முறை விரித்ததும் மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தாலோ, லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் மூடினாலோ லாக்கை டைட் செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை மடியும் இடங்களைத் துடைத்து, முடி மாதிரி மெல்லிய விரிசல் எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஓட்டவே கூடாது. டபுள்ஸ் எப்போதும் கூடாது!

எங்கே வலிக்குது?

* முட்டியின் முன்பக்கம் வலித்தால்: சீட் தாழ்வு. கொஞ்சம் ஏற்றுங்கள்.
* முட்டியின் பின்பக்கம் வலித்தால், இடுப்பு ஆடினால்: சீட் உயரம் அதிகம். இறக்குங்கள்.
* உள்ளங்கை, விரல் மரத்தால்: சீட் முன்னால் சரிந்திருக்கும், அல்லது ஹேண்டில் தாழ்வு.
* கழுத்து, தோள்பட்டை வலித்தால்: ஹேண்டில் தூரம். முழங்கையை விறைப்பாக வைக்காமல் லேசாக மடக்குங்கள்.
* உட்காரும் எலும்பில் வலித்தால்: புதிதில் எல்லோருக்கும் வரும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டினால் இரண்டு வாரத்தில் பழகிவிடும். மரத்துப்போகிறது என்றால் அது பழக்கம் இல்லை, சீட்டை மாற்றி அமைக்க வேண்டும்.

ஏற்கெனவே முட்டி, முதுகுப் பிரச்னைக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நாலு வாரத் திட்டம்

முதல் வாரம்: தெருவிலோ காலி மைதானத்திலோ தினம் 15 நிமிடம். ஏறுவது, இறங்குவது, பிரேக், எட்டுப் போடுவது மட்டும். முன் பிரேக்கை மட்டும் தனியாக அழுத்தாமல் ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கப் பழகுங்கள்.

இரண்டாம் வாரம்: அதிகாலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கோட்டை வரை. சுமார் 2 கிலோமீட்டர்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தது இது ஒன்றுதான். ராஜகிரி மலையேறப் படிகள்தான் வழி, சைக்கிளை வெளியிலேயே நிறுத்திப் பூட்டுங்கள். மடக்கினால் தூக்கிப் போவது உங்களுக்கு மட்டும் சுலபமில்லை, திருடனுக்கும் சுலபம்!

மூன்றாம் வாரம்: ஊருக்கு வடக்கே சுமார் 4 கிலோமீட்டரில் இருக்கும் சிங்கவரம் வரை. பாறையைக் குடைந்த குகையில் பள்ளிகொண்ட ரங்கநாதரைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கோடையில் செஞ்சியின் பாறைகள் சீக்கிரம் சூடேறிவிடும். எட்டு மணிக்குள் வீடு திரும்பும்படி கிளம்புங்கள், தண்ணீர் பாட்டில் கட்டாயம்.

நான்காம் வாரம்: பஸ்ஸோடு சேர்ந்த பயணம். திருவண்ணாமலை - திண்டிவனம் சாலை தேசிய நெடுஞ்சாலை. லாரியும் பஸ்ஸும் விரட்டும் அந்த ரோட்டில் தாழ்வான குட்டி சைக்கிள் கண்ணில் படுவது கஷ்டம். சிவப்பு பின்விளக்கு, ஹெல்மெட், வெளிர் நிறச் சட்டை மூன்றும் வேண்டும். நீண்ட தூரத்துக்கு அந்தச் சாலையை நம்பாமல், அந்தப் பகுதியை பஸ்ஸில் கடப்பதே புத்திசாலித்தனம்.

பஸ்ஸில் ஏற்றும்போது

முதலில் வீட்டில் பத்துத் தடவை மடக்கி விரித்துப் பழகுங்கள். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்கும்போது கை தடுமாறும்! மடக்கியதும் பிரிந்துவிடாமல் இருக்க ஒரு ரப்பர் பட்டை. செயின் கிரீஸ் அடுத்தவர் சேலையில் ஒட்டாமல் இருக்க ஒரு பழைய துணிப்பை அல்லது அரிசிச் சாக்கு. ஏறுவதற்கு முன்பே, 'அண்ணே, மடக்குற சைக்கிள், ஓரமா வச்சுக்கிறேன்' என்று கண்டக்டரிடம் சொல்லிவிடுங்கள். லக்கேஜ் டிக்கெட் கேட்டால் எடுத்துவிடுங்கள். ஸ்கூல், ஆபீஸ் நேரத்துக் கூட்டத்தில் ஏற்றுவதைத் தவிர்த்து, பஸ் புறப்படும் இடத்திலேயே ஏறினால் சண்டை வராது.

காசை எதில் போடலாம்?

ஒரு மாதம் ஓட்டும் வரை எதையும் மாற்றாதீர்கள். அளவு வைத்தாலே பாதிப் பிரச்னை போய்விடும். அதன்பிறகும் செலவு செய்ய நினைத்தால் முதலில் விளக்கும் பூட்டும், அடுத்து உள்ளங்கை தாங்கும் அகலமான ஹேண்டில் கிரிப், அதற்கடுத்து நல்ல டயர், கடைசியாகத்தான் சீட். மெத்தை மாதிரி கொழகொழவென்ற பெரிய சீட் கடையில் சுகமாக இருக்கும். அரை மணி நேரம் ஓட்டினால் உடம்பு அதில் புதைந்து வேறு இடத்தில் வலிக்கும். ஓரளவு கெட்டியான, உங்கள் இடுப்பு எலும்பின் அகலத்துக்குப் பொருந்தும் சீட்தான் நீண்ட நேரத்துக்கு நல்லது.

இந்த சைக்கிளில் யாரும் ரேஸ் ஓட்டப் போவதில்லை. காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் நம் காலாலேயே போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். இன்று சாயங்காலம் சுவரோரம் சைக்கிளை நிறுத்தி, குதிகாலைப் பெடலில் வைத்து சீட் உயரத்தை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு!