"நீ எனக்கு என்ன முறை?"

கல்யாண வீட்டிலோ சாவு வீட்டிலோ புதிதாக ஒருவரைப் பார்த்தால் நம் பெரியவர்கள் நேராகச் சாதியைக் கேட்பதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டு, "அப்படின்னா நீ எனக்கு என்ன முறை வேணும்?" என்பார்கள். இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. பதில் கிடைக்கவில்லை என்றால் அதுவே பதில். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திரப் பக்கம் போனால் தெலுங்கில் இதையே 'வரச' என்பார்கள். மாமன் மகளைக் கட்டுவதற்கு 'மேனரிகம்' என்று தனிப் பெயரே உண்டு.

தேர்வாய் கண்டிகை என்றதும் தோழர்களுக்கு மேய்க்கால் நிலப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அந்த ஊரின் பொது நிலம் ஏறத்தாழ 1,100 ஏக்கர் சிப்காட்டுக்குப் போனது, மிச்செலின் டயர் ஆலை வந்தது. நிலத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. இங்கே சொல்ல வருவது வேறொரு எல்லையை. இந்த மாதிரித் தொழிற்பேட்டைகளில் ஊர்த்தெருப் பையனும் காலனிப் பெண்ணும் ஒரே ஷிப்டுக்குப் போகிறார்கள், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறார்கள். பேச்சு கல்யாணம் வரை போனால் மட்டும் 'முறை' குறுக்கே வந்து நிற்கிறது.

நம் உறவுச் சொற்களைக் கொஞ்சம் பாருங்கள். அப்பாவின் தம்பி சித்தப்பா, அம்மாவின் அக்கா பெரியம்மா. அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை, கட்டக்கூடாது. அம்மாவின் தம்பி மாமா, அப்பாவின் தங்கை அத்தை. அவர்கள் பிள்ளைகளைக் கட்டலாம். கட்டிய பிறகு மாமனாரையும் மாமா என்போம், மாமியாரையும் அத்தை என்போம். அதாவது கல்யாணம் நடப்பதற்கு முன்பே சொல் அதை நடத்தி முடித்துவிட்டது. இந்தக் கணக்கில் ஒரு சாதிக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஒன்று பங்காளி, இல்லை மாமன் மச்சான். மூன்றாவது கட்டம் கிடையாது.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரோகுவாய் பழங்குடிகளின் உறவுச் சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். ஆற்காடு மிஷனில் வேலை செய்த ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் ஒருவரிடம் தமிழ்ச் சொற்களைக் கேட்டு, இரண்டும் இவ்வளவு ஒத்துப்போகிறதே என்று வியந்துபோனார். 1871இல் அது பெரிய புத்தகமாக வந்தது. அதை வைத்து அவர் கட்டிய 'காட்டுமிராண்டி நிலையிலிருந்து நாகரிகம் வரை' என்ற ஏணி உடைந்து வெகுநாளாகிறது. அவர் கண்டது மட்டும் நிற்கிறது: முறை என்பது ரத்தம் மட்டுமல்ல, மனிதர்களை வகைப்படுத்தும் ஏற்பாடு.

பார்ப்பனியம் இதை எப்படிப் பார்த்தது? பௌதாயன தர்மசூத்திரம் தெற்கத்தியாருக்கே உரிய ஐந்து வழக்கங்களைப் பட்டியல் போடுகிறது. மாமன் மகளைக் கட்டுவது, அத்தை மகளைக் கட்டுவது, பழைய சோறு தின்பது, பூணூல் போடாதவனோடு உட்கார்ந்து தின்பது, பெண்டாட்டியோடு சேர்ந்து தின்பது! ஆனால் தெற்கே வந்த பார்ப்பனர்களும் மாமன் மகளைக் கட்டத் தொடங்கினார்கள். 14ஆம் நூற்றாண்டில், விஜயநகரக் காலத்தில், மாதவர் அதற்கு வேதத்திலிருந்தே நியாயம் தேடிக் கொடுத்தார். சாஸ்திரம் வளைந்து கொடுத்தது, சாதிக்கு அதனால் எந்தச் சேதமும் இல்லை என்பதால்.

ஏன் சேதமில்லை என்பதை 25 வயது அம்பேத்கர் விளக்கிவிட்டார். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் கருத்தரங்கில், அவர் இந்தியாவின் சாதிகள் பற்றிய கட்டுரையைப் படித்தார். எந்தச் சமூகத்திலும் நெருங்கிய குழுவுக்குள் கட்டக்கூடாது என்ற புறமணம் இருக்கிறது. அதன்மேல், வெளியே போகவும் கூடாது என்ற அகமணத்தை ஏற்றி வைத்தால் அங்கே சாதி பிறக்கிறது. இதுதான் அவர் வாதம். நம் ஊர்க் கணக்கில் பொருத்திப் பாருங்கள். பங்காளியைக் கட்டாதே என்பது உள்வேலி. மாமன் மச்சானைத் தாண்டாதே என்பது வெளிவேலி. சேரி வெளிவேலிக்கு அப்பால். அதனால்தான் ஊர்க்காரருக்கு நம் கிழவன்கூட 'டேய்', நமக்கு அவர் வீட்டுச் சிறுவன்கூட 'சாமி' என்று இருந்தது. மாமா என்று கூப்பிட்டால் பெண் கேட்டதாகிவிடும் அல்லவா.

சட்டமும் வழக்கத்துக்கு இடம் விட்டது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சகோதர சகோதரிகளின் பிள்ளைகள், மாமன்-மருமகள் ஆகியோரின் மணத்தைத் தடை செய்கிறது. ஆனால் இரு தரப்பின் வழக்கமும் அனுமதித்தால் தடை இல்லை. அக்கா மகளைக் கட்டுகிறவருக்கு எந்த அலுவலகத்திலும் நோட்டீஸ் ஒட்டத் தேவையில்லை. 1954ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிய வரும் சாதி, மதம் கடந்த ஜோடிக்கோ 30 நாள் நோட்டீஸ், அதுவும் எல்லோர் கண்ணிலும் படும்படி. அந்த 30 நாளில் என்னவெல்லாம் நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பெண்களில் ஏறத்தாழ 28 பேர் சொந்தத்தில் கட்டியவர்கள். இந்திய அளவில் இது 11. இதைக் குறைக்க மருத்துவர்கள் சொல்லும் காரணம் நியாயமானது. ஒன்றுவிட்ட உறவில் கட்டினால் பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் மருத்துவத்தோடு நிறுத்திக்கொண்டால் கிடைக்கும் முடிவு என்ன? 'சொந்தம் வேண்டாம், நம்ம ஆளுங்களிலேயே தூரத்து இடமா பாரு.' திருமணத் தகவல் இணையதளங்கள் செய்வது அதைத்தான். உள்வேலி கொஞ்சம் நகர்ந்தது, வெளிவேலி அப்படியே நிற்கிறது.

நம் தெருவையும் பேச வேண்டும். நம்மிடமும் 'உரிமைப் பெண்' உண்டு. அந்தச் சொல்லில் இருக்கும் உரிமை பெண்ணுடையது அல்ல, தாய்மாமனுடையது. மாமன் வீட்டை ஒரு வார்த்தை கேட்காமல் வெளியே கொடுத்தால் சண்டை. ப்ளஸ் டூ முடித்த பெண்ணின் படிப்பை நிறுத்தி மாமனுக்குக் கட்டி வைப்பதை, சொத்தும் சொந்தமும் விட்டுப் போகாது என்று நியாயப்படுத்துகிறோம். அவளை யாரும் கேட்பதில்லை. மேல்தெருவில் இதே உரிமை கத்தி எடுக்கிறது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, 'எங்கள் வீட்டுப் பெண்' என்ற அந்த உடைமை உணர்வின் வேர் வேறு எங்கோ இல்லை.

சாதி கடந்து மணந்தவர்களின் பிள்ளைகளுக்கு முறை எங்கே முட்டுகிறது என்பது காதுகுத்தில் தெரிந்துவிடும். குழந்தையை மடியில் வைக்கத் தாய்மாமன் வரமாட்டார். சீர்த்தட்டு வராது. அங்கே ஒரு தோழர் மாமனாக உட்கார்ந்து மடி கொடுக்கலாம். ரத்த உறவே இல்லாத எத்தனையோ பேரை மாமா, அத்தை என்று கூப்பிட்டுத்தானே நம் தெருவில் வளர்ந்தோம்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம், அதாவது இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, இந்துக்கள் என்று சட்டம் கணக்கிடும் இருவருக்குப் பொருந்தும். உறவினரோ நண்பர்களோ இருக்க, மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஊரைக் கூட்ட வேண்டியதில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. வழக்கறிஞர்கள், நண்பர் என்ற முறையில், முன்னின்று நடத்தவும் தடையில்லை. முதலில் 7ஏ-படி மணம் முடியுங்கள், பிறகு பதிவு செய்யுங்கள்.