தூங்குகிறாயா என்று யார் கேட்டோம்?



2020 மார்ச் 17 அன்று தமிழகக் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 31 வரை என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. காந்திகிராமத்திலும் திண்டுக்கல் நகரிலும் பயின்ற நம் பிள்ளைகள் இரண்டு வார விடுமுறை என்றெண்ணி வீடு திரும்பினார்கள். ஆனால் இறுதியாண்டினருக்கு டிசம்பர் 7 அன்றும், மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரி 8 அன்றுமே கல்லூரி திறந்தது. இரண்டாம் அலையில் மீண்டும் அடைபட்ட கதவுகள் செப்டம்பர் 1 அன்று திறந்தன.

அந்நாட்களில் அவர்கள் சுமந்தது நோய்ப்பயம் மட்டுமல்ல. ஒரே கைபேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொண்டார்கள். சிக்னல் தேடி மொட்டைமாடி ஏறினார்கள். 9 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு நாள்தோறும் 2 ஜிபி டேட்டா தர அரசே முன்வர வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் அரியர் தேர்வுகள் ரத்தானபோது ஆறுதல் பிறந்தது. வழக்கு எழுந்ததும் அதுவே கலக்கமாயிற்று. வீட்டுச் செலவுக்காக நூற்பாலைக்குச் சென்ற பிள்ளைகளும் உண்டு.

நம் சபை வாலிபன் ஒருவன் பின்னாளில் என்னிடம் சொன்னான்: "ஆன்லைன் ஜெபத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டீங்க ஐயா. ராத்திரி தூங்குறியான்னு யாரும் கேக்கல." தினமும் இரவு நண்பன் ஒருவனுடன் பேசியதே தன்னைத் தாங்கியது என்றான். அன்று என்னிடம் பதில் இல்லை.

1527-இல் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரைக் கொள்ளைநோய் தாக்கியது. பல்கலைக்கழகம் யேனா நகருக்கு மாற்றப்பட்டது. மார்ட்டின் லூத்தர் அங்கேயே தங்கி, நோயுற்றோருக்குத் தம் வீட்டைத் திறந்தார். அதே ஆண்டில் அவர் கடும் மனச்சோர்வால் வாடினார் என்பதைப் பலர் அறியார். அவர் அதை மறைக்கவில்லை; தமக்காக ஜெபிக்கும்படி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். பிற்காலத்தில், சோர்வுற்ற இளைஞன் ஒருவனுக்குத் தனிமையைத் தவிர்க்கும்படி அறிவுரை கூறினார். அந்தச் சீர்திருத்தவாதிக்கே துணை தேவைப்பட்டதென்றால், பத்தொன்பது வயதுப் பிள்ளையின் சோர்வை விசுவாசக் குறைவு என்று நாம் எப்படித் தீர்ப்பிடலாம்?

சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தான். மறுபடியும் உறங்க விட்டான். அதன் பின்னரே பயணம்.

இந்த வாரம் உங்கள் வீட்டு மாணவரிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் உறக்கத்தைக் கேளுங்கள். பாரம் மிகுந்தால் 14416 என்ற இலவச மனநல எண்ணை அழையுங்கள், அது அவிசுவாசமல்ல.

கர்த்தர் நம் பிள்ளைகளைத் தாங்குவாராக. ஆமென்.